நஸ்தரனுக்கு வயதாகவில்லை

கல்யாண மாப்பிள்ளையைப் படமெடுப்பதைவிடச் சிவிங்கிப் புலியைப் படமெடுப்பது எளிது, வக்கீலம்மா. எல்லாரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். அதனால் கையும் காலும் அவன் சொன்ன பேச்சைக் கேட்காது. சிவிங்கிக்கு நாம் ஒரு பொருட்டே இல்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், அது பாட்டுக்கு அதன் வேலையைப் பார்க்கும். நான் இரண்டையும் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

தேநீர் ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் இரண்டு படங்களை வைத்திருக்கிறீர்கள். ஒன்று நான் எடுத்தது. செஹெல்சா கிணற்றுத் தொட்டியில் சிவிங்கி நஸ்தரன் தண்ணீர் குடிக்கிறாள். மேய்ப்பன் சஃபர் சாவதற்கு முந்தின இலையுதிர் காலத்துத் தேதி அடியில் போட்டிருக்கிறது. மற்றது நீங்கள் போன வாரம் கைபேசியில் எடுத்தது. அதே கிணறு, அதே தொட்டி, சுற்றிலும் ஆளுயரக் கம்பி வேலி. அந்த வேலி எந்த ஆண்டு போடப்பட்டது என்று வாசலில் ஒரு தகடு சொல்கிறது. அதன்படி பார்த்தால் என் படத்துக்கு மூன்று வருடம் முன்பே வேலி வந்துவிட்டது. என் படத்தில் வேலி இல்லை.

காவலன் குதரத்துக்காக வாதாடுகிறீர்கள், கொலை நடந்த இடத்தை ஒருமுறை நேரில் பார்க்கலாம் என்று போயிருக்கிறீர்கள். இத்தனை வருடமாக நிபுணர்கள் யாரும் அந்தக் கிணற்றடிக்குப் போனதில்லை. அவர்கள் நஸ்தரனின் புள்ளிகளைத்தான் பார்த்தார்கள், வேலியைப் பார்க்கவில்லை.

"இது எப்ப எடுத்த படம்?" என்று மட்டும் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் பதிலை மட்டும் தனியாகச் சொன்னால் இருப்பதைவிட மோசமாகத் தோன்றும். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

ஷாரூத் கடைத்தெருவில் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. ஹொர்மொஸ் பெஸ்தாமி என்றால் கல்யாணப் படம். வெள்ளிக்கிழமைகளில் ஜீப்பை எடுத்துக்கொண்டு தெற்கே செஹெல்சா சமவெளிக்குப் போவேன். உப்புத் தரை, குட்டைப் புதர், நடுநடுவே கரும்பாறைகள். ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்தப் பாறைகளில் ஒன்றின் மேல் அவள் நின்றிருந்தாள். பின்னால் வெயில் எழுந்துகொண்டிருந்தது. கண்ணிலிருந்து வாய்வரை இறங்கும் அந்தக் கறுப்புக் கோடு, அழுது முடித்தவள் முகம் போல. நஸ்தரன் என்று பெயர் வைத்தேன். காட்டு ரோஜா.

அந்தச் சமயத்தில் சமவெளி ஒரு இரும்புத் தாதுக் கம்பெனிக்குப் போவதாக இருந்தது. துளை போடும் வண்டிகள் வந்து நின்றுவிட்டன. ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்காக மனு எழுதிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் படிக்கவில்லை. என் ஒரு படம் வெளிவந்தது. ஒரு மாதத்தில் ரொட்டிக் கடைச் சுவரில் அவள் இருந்தாள். லாரிகளின் பின்கதவில் அவளை வரைந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கறுப்புக் கோட்டைக் கன்னத்தில் பூசிக்கொண்டு அமைச்சகத்தின் முன் நின்றார்கள். துளை வண்டிகள் திரும்பிப் போயின. சமவெளி காப்பிடம் ஆனது. ஒரே ஒரு நிபந்தனை: அங்கே சிவிங்கி உயிரோடு இருக்கிறது என்று ஒவ்வொரு ஆண்டும் படத்தோடு நிரூபிக்க வேண்டும். அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். புதர்களில் கட்டிய தானியங்கிக் கேமராக்களும் என் பொறுப்பில் வந்தன. ஸ்டூடியோவை மூடினேன். படம் என்பது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

காப்பிடம் என்றால் மேய்ச்சல் கூடாது. மேய்ப்பர்களின் நாய்கள் சிவிங்கியை விரட்டிக் கொல்லும், அது உண்மை. குளிர்காலம்தோறும் அங்கே கறுப்புக் கூடாரம் போட்டுவந்த சங்சரி நாடோடிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அதில் ஒருவன் சஃபர். மெலிந்த ஆள், முன்பல் ஒன்று கிடையாது, அந்த இடைவெளி தெரியச் சிரித்துக்கொண்டேதான் பேசுவான். கூடாரத்தைச் சுருட்டிய நாளில் நான் அங்கே இருந்தேன்.

"உஸ்தாத், என் ஒட்டகத்தையும் ஒரு படம் புடிச்சு விடுங்க," என்றான். "அதுக்கும் ஒரு சமவெளி எழுதி வெப்பாங்க."

அவன் மனைவி மாஹ்பானு சிரிக்கவில்லை. கூடார முளைகளைப் பிடுங்கிக்கொண்டே, "அந்தப் பூனைக்கு இருக்கற மரியாத நமக்கு இல்ல, நடங்க," என்றாள்.

எனக்கு அவர்கள்மேல் கோபம் எதுவும் கிடையாது. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

குதரத்தை உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் பார்த்தது சிறையில் இருக்கும் குதரத்தை. காப்பிடத்துக்குக் காவலனாக வந்த புதிதில் அவன் இருந்த இடத்தில் சத்தம் இருக்கும். மோட்டார் சைக்கிளில் பாடிக்கொண்டே வருவான், மோசமாகப் பாடுவான். நஸ்தரனைத் தூரத்தில் பார்த்துவிட்டால் தொப்பியைக் கழற்றிச் சலாம் வைப்பான். அவன் மனைவி கோல்நெசா என்னிடம் ஒருமுறை முறையிட்டாள்: "எனக்கொரு சக்களத்தி வந்திருந்தாக்கூட முடியைப் புடிச்சு இழுத்திருப்பேன், உஸ்தாத். இவளுக்கு வாலு இருக்கு, நான் என்ன பண்ண?"

நல்ல குடும்பம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். காப்பிடமான மூன்றாவது வசந்தத்தில் நஸ்தரன் குட்டி போட்டிருந்தாள். மூன்று குட்டிகள், வறண்ட ஓடைக் கரையில் ஒரு பாறை இடுக்கில். எனக்கு மட்டும்தான் தெரியும். பெரிய கண்காட்சி ஒன்றுக்கு, ஓடும் படம் வேண்டும் என்று தெஹ்ரானிலிருந்து கேட்டிருந்தார்கள். நின்ற படமும் உட்கார்ந்த படமும் போதும் போதும் என்று இருந்தன. ஓடும்போதுதானே அது சிவிங்கி. அவர்கள் கேட்டதில் தவறில்லை.

பால் கொடுக்கும் தாய் தினமும் வேட்டையாட வேண்டும். அந்த வாரம் என் ஜீப்பின் சத்தத்தில் இரண்டு மூன்று முறை மான்கள் கலைந்துவிட்டன. அவள் மெலிந்திருந்தாள். அன்று காலை மறுபடி ஓடினாள். நான் பக்கத்தில் இணையாக ஓட்டினேன், ஒரு கை வண்டியில், ஒரு கை கேமராவில். வேகமாக ஓட்டவில்லை. அவள் அளவுக்குத்தான் ஓட்டினேன். மான் இடப்பக்கம் வெட்டியது. அவளும் வெட்டினாள். என் வண்டி இடப்பக்கம் இருந்தது.

இடுப்பு உடைந்துவிட்டது. உச்சிவேளை வரை மூச்சு இருந்தது. காப்பிடக் காவலர்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். யோசித்தேன். மருத்துவர் ஷாரூத்திலிருந்து வந்து சேர மாலையாகும், அதற்குள் எப்படியும் முடிந்துவிடும். செய்தி மட்டும்தான் வெளியே போகும். கம்பெனியின் மனு இன்னும் அமைச்சகத்தில் உயிரோடு இருந்தது. நஸ்தரன் போனால் அவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்க மாட்டார்கள். அந்தச் சமவெளியில் மான் இருக்கிறது, காட்டுக்கழுதை இருக்கிறது, வரகுக் கோழி இருக்கிறது. எல்லாமே அவள் பெயரில்தான் பிழைத்துக் கிடந்தன.

அந்த நிலையில் நான் அவளைப் படமெடுக்கவில்லை. அப்படிச் செய்பவன் அல்ல நான். முகத்தை மட்டும் ஒன்று எடுத்தேன். இடுப்பு தெரியாது. அடுத்த வருடம் பள்ளிச் சுவர்களில் எல்லாம் ஒட்டினார்களே, நாக்கு லேசாகத் தெரிய நம்மை நேராகப் பார்ப்பாளே, அதுதான். கண்களில் அப்படியொரு அமைதி என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

கிணற்றுக்கு அப்பால் நிலத்தடி வாய்க்காலின் பழைய குழி ஒன்று உண்டு. தண்ணீர் வற்றித் தலைமுறை ஆகிவிட்டது. அவளை அதில் இறக்கி மேலே கல்லும் மண்ணும் தள்ளினேன். தோள் இன்றைக்கும் வலிக்கிறது.

பிறகு குட்டிகள்.

அவற்றைத் தூக்கிவந்து வளர்த்திருக்கலாம் என்று எந்த மனிதனுக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் குட்டியை வெளியே காட்டினால் தாய் எங்கே என்ற கேள்வி வரும். அதனால் தினமும் போய்ப் பார்த்தேன். அவை என்னைக் கண்டு ஒளியவில்லை. என் வண்டிச் சத்தம் கேட்டாலே வெளியே வந்துவிடும். தாய் வரும்போதெல்லாம் பின்னால் அந்தச் சத்தமும் வந்து பழகியிருந்தது. பறவைக் குஞ்சு போல ஒரு குரலில் கூப்பிடும். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கேமராவைப் பார்த்து நிற்கும். சாம்பல் பிடரி மயிர், பின்னால் காலை வெயில். என் வாழ்நாளில் அப்படிப்பட்ட படங்கள் எடுத்ததில்லை. முதல் இரண்டு நாள் எடுத்தேன். மூன்றாம் நாள் படத்துக்கு ஒன்றும் இல்லை.

பால்பொடி கொஞ்சம் ஜீப்பில் வைத்திருந்தேன். ஏன் கொடுக்கவில்லை என்று இப்போது சரியாக நினைவில்லை. கொடுத்திருந்தால் அவஸ்தைதான் நீண்டிருக்கும் என்று நினைத்திருப்பேன்.

அந்த இலையுதிர் காலத்தில் குட்டிகளின் படத்தையும் கூடவே அவள் படம் ஒன்றையும் வெளியிட்டேன். செஹெல்சாவில் புதிய தலைமுறை என்று தலைப்பு. நாடே சந்தோஷப்பட்டது. தெஹ்ரானில் புள்ளிகளைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு, தாய் நஸ்தரன்தான் என்று உறுதி செய்தார்கள். பொய்யில்லையே, அவள்தானே. தேதி என்பது கேமராவுக்கு நாம் சொல்லிக்கொடுப்பதுதான். வந்த நன்கொடையில், அடியில் சிவிங்கி நுழைய இடம் விட்டு, கிணற்றைச் சுற்றி வேலி போட்டார்கள். மேய்ப்பர்கள் திருட்டுத்தனமாக ஒட்டகங்களை ஓட்டிவருவது நின்றது.

அதன்பிறகு ஒவ்வொரு ஆண்டும் பெட்டியிலிருந்து சில படங்கள். நான் வீணாக எடுத்தவன் அல்ல, கையிருப்பு நிறைய இருந்தது. பயன்படுத்தாத கோணம், வேறு வெளிச்சம். தூரத்தில், தூசியில், புள்ளி எண்ண முடியாத நஸ்தரன் படங்களை அவள் மகள் என்று கொடுத்தேன். உயிரோடு இருந்தபோது அவள் எப்போது கண்ணில் படுவாள் என்று சொல்ல முடியாது. இறந்த பிறகு ஒழுங்காக வந்தாள். சமவெளி பிழைத்தது. மான் கூட்டம் இரட்டிப்பானது. ஒரு படத்தால் ஒரு நிலத்தைக் காப்பாற்ற முடியும் என்று பள்ளிகளில் பேசக் கூப்பிட்டார்கள். போய்ப் பேசினேன்.

குதரத்துக்கு மட்டும்தான் கஷ்டம்.

முதல் வருடம் வேடிக்கையாகச் சொன்னான்: "உஸ்தாத், நஸ்தரனுக்கு வயசே ஆகலையே? அவ என்ன களிம்பு பூசறான்னு என் வீட்டுக்காரி கேட்டுட்டு வரச் சொன்னா." இரண்டாம் வருடம் சிரிப்பு குறைந்தது. மூன்றாம் வருடம் என் வீட்டு வாசலில் வந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஒரு தடம்கூட என் கண்ணுல படல, உஸ்தாத். உங்களுக்கு மட்டும் வந்து நிக்கறா. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"நீ பாட்டுப் பாடறதை நிறுத்து," என்றேன்.

அவன் நிறுத்திவிட்டான். மோட்டார் சைக்கிளையும் விட்டுவிட்டு நடந்தே ரோந்து போனான். வீட்டுக்குப் போவது குறைந்தது. காய்ந்த ரொட்டியும் தயிர்க் கட்டியுமாகப் பாறை மறைவில் கிடந்தான். தான் சரியாகக் காவல் காக்காததால்தான் அவள் தன் கண்ணில் படுவதில்லை என்று நம்பத் தொடங்கினான். அவனைச் சமாதானப்படுத்தத்தான், கிணற்றில் அவள் தண்ணீர் குடிக்கும் படத்தை வெளியிட்டேன். நீ கட்டிக் காத்த கிணற்றுக்கு வருகிறாள் பார் என்று காட்டுவதற்கு. கிணற்றடிப் படங்களைத் தொடவே கூடாது என்று வைத்திருந்தவன் நான். குதரத்தும் அவளைத்தான் பார்த்தான், வேலி இல்லாததைப் பார்க்கவில்லை. நீங்கள் மேசையில் வைத்திருக்கும் அந்தப் படம் ஒரு நண்பன்மேல் கொண்ட இரக்கத்தால் வந்தது. அதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

அடுத்த வசந்தத்தில் சஃபர் வந்தான். பட்டப்பகல். தோளில் ஒரு கோணிப்பை. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினான்.

கிணறு கிடைக்காமல் போனதால் அவன் பழைய வாய்க்கால் குழிகளை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், எதிலாவது ஈரம் இருக்குமா என்று. நான் தரையைப் பார்த்தபோது அவன் பையைக் கவிழ்த்திருந்தான். அந்த மண்ணில் எதுவும் அழுகுவதில்லை, காய்ந்து போகும், அவ்வளவுதான். தோல் பலகை போல இருந்தது. புள்ளிகள் அப்படியே இருந்தன.

"போன மாசம்தான் உங்க நஸ்தரன் தண்ணி குடிக்கற படம் ரொட்டிக் கடையில பாத்தேன், உஸ்தாத்," என்றான். "இது யாரு? அவ அக்காவா?"

அவன் பல் இடைவெளி தெரியச் சிரித்தான்.

"யாரு கொன்னா, ஏன் கொன்னாங்கன்னு நான் கேக்கல. இடுப்பெலும்பு நொறுங்கிக் கெடக்கு, நாய் கடிச்சு அப்படி ஆகாது. எனக்கு அது வேணாம். செத்துப்போச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. கெணத்தத் தொறந்து விடுவாங்க. போன வெயில்ல பதினோரு ஒட்டகம் போச்சு எனக்கு. மாஹ்பானு ரெண்டு வருசமா அடுத்தவன் ஆட்டுக்குப் பால் கறக்கறா. அவளுக்கு நான் என்ன சொல்ல?"

நியாயமான பேச்சு. நான் அதை மறுக்கவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன். இவ்வளவு பெரிய விஷயத்தை நான் சொல்வதைவிட நீயே குதரத்திடம் நேரில் காட்டுவதுதான் முறை, இல்லாவிட்டால் மேய்ப்பர்கள்மேல் பழி வரும் என்றேன். வியாழக்கிழமை பிற்பகல் அவன் கிணற்றடியில் இருப்பான், நான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன் என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

கிளம்பும்போது, "ஓநாய் நடமாட்டம் இருக்காம், துப்பாக்கிய எடுத்துட்டுப் போ," என்றேன். அந்த வசந்தத்தில் ஓநாய்கள் இருந்தது உண்மை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

வியாழக்கிழமை காலை குதரத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். நான் சொன்ன வார்த்தைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன: "நஸ்தரனை சஃபர் கொன்னுட்டான். தோலைப் பையில வெச்சிருக்கான். இன்னிக்குக் குட்டிகளைத் தேடி கெணத்துப் பக்கம் வரான். துப்பாக்கி வெச்சிருக்கான், ஜாக்கிரதை."

"அதான் என் கண்ணுல படலையா," என்றான். அழுகிறானா என்று தெரியவில்லை. நிம்மதி போலவும் இருந்தது.

மீதி உங்கள் வழக்குக் கட்டில் இருக்கிறது. சஃபர் கையை ஆட்டிக்கொண்டே வந்தான். நில் என்று குதரத் கத்தினான். சஃபர் நின்றான், சிரித்தான், பையைத் தூக்கிக் காட்டினான். தோளிலிருந்து துப்பாக்கி நழுவியது, அதைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனான். குதரத் சுட்டான். ஆட்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் தோலை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தானாம். புள்ளிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தானாம். கைவிலங்கு போட வந்தவர்களிடம், "மெதுவா, உடைஞ்சிடும்," என்றானாம்.

தோல் எத்தனை நாள் பழையது என்று நீதிமன்றம் ஒரு நிபுணரைக் கேட்டது. நிபுணர் சில மாதங்கள் என்றார். அந்த நிபுணர் நான்தான். செஹெல்சாவின் சிவிங்கிகளைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று நீதிபதியே சொன்னார்.

ஆக, நீங்கள் கேட்டதற்கான பதில்: அந்தப் படம் எடுக்கப்பட்டது அவள் சாவதற்கு முந்தின இலையுதிர் காலத்தில். அவளைக் கொன்றவன் நான். குட்டிகளைச் சாக விட்டவன் நான். சஃபரைக் குதரத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதும் நான்தான். சஃபர் சாக வேண்டும் என்று நினைத்தேனா என்றால், இல்லை. அவன் பேசக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன்.

மாஹ்பானு உங்களிடம் பேசியதைச் சற்று முன் சொன்னீர்கள். செத்தவன் குடும்பத்துக்கு மன்னிக்கும் உரிமை உண்டு, அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் குதரத்தின் கழுத்து தப்பும். நீங்கள் மூன்று முறை போயும் அவள் கதவைத் திறக்கவில்லை. நான்காம் முறை கதவுக்குப் பின்னாலிருந்தே பேசியிருக்கிறாள்: "ஊரெல்லாம் என் புருசனப் பூன திருடன்னு காறித் துப்புது. எம் புள்ளைங்க பள்ளிக்கூடச் செவுத்துல அந்தப் பூன மூஞ்சி. அவரு கொல்லலன்னு ஒரே ஒரு ஆளு வந்து சொல்லட்டும். அன்னிக்கே மன்னிக்கறேன்."

நல்ல பெண். எனக்கு அவளைப் புரிகிறது.

குதரத்தைப் போன மாதம் சிறையில் பார்த்தேன். கண்ணாடித் தடுப்புக்கு இரண்டு பக்கமும் தொலைபேசி. முடி நரைத்துவிட்டது. கோல்நெசா கொண்டுவந்த பாதாம்பருப்பைக் காவலர்களுக்குக் கொடுத்துவிடுகிறானாம், தொண்டையில் இறங்குவதில்லை என்று. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், முன்பெல்லாம் நஸ்தரனுக்கு நிற்பானே, அப்படி.

"குட்டிங்க எப்படி இருக்கு, உஸ்தாத்?"

"நல்லா இருக்கு. பெரியவ போன வாரம் கேமராவுல வந்தா."

"கெணத்துப் பக்கம் வராளா?"

"வரா."

"போதும்," என்றான். "அப்ப நான் சும்மா போகல."

குட்டிகள் மூன்றும் நிற்கும் படத்தைப் பெரிதாக அச்சிட்டு அவனுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். படுக்கைக்கு மேலே ஒட்டியிருக்கிறானாம். சக கைதிகள் வந்து பார்க்கிறார்களாம். நான் எடுத்த படங்களிலேயே அதிகம் பேருக்கு ஆறுதல் கொடுத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள். உங்களுக்கு இது புதிது, எனக்கு ஆறு வருடப் பழக்கம். கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை. இத்தனையையும் என் கையால் எழுதி, கைரேகை வைத்துத் தருகிறேன். மாஹ்பானுவின் கதவுக்கு முன்னால் வந்து நின்று சொல்லச் சொன்னாலும் வருகிறேன். பழைய ஜீப் பின்கட்டில் இருக்கிறது, முன்பக்கத் தகரம் நசுங்கியது அப்படியே இருக்கிறது, எடுத்துப் போங்கள். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வயது தாண்டிவிட்டது.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். காப்பிடத்தை நிரந்தரமாக்கும் கூட்டம் அமைச்சகத்தில் அடுத்த மாதம் முதல் வாரம். இத்தனை வருடப் பாடும் அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான். அது விழுந்துவிட்டால் அப்புறம் சிவிங்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மண்ணை எந்தக் கம்பெனியும் தொட முடியாது. அதற்கு முன்னால் இந்த வாக்குமூலம் வெளியே போனால், நஸ்தரன் வீணாகச் செத்தாள், சஃபரும் வீணாகச் செத்தான் என்று ஆகிவிடும். குதரத்துக்குத் தூக்கு குறித்திருப்பது இந்த மாதம் இருபத்தெட்டு. தெரியும். நாள் நான் குறித்ததல்ல.

கூட்டம் முடிந்த மறுநாள் வாருங்கள், எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். என்னை அப்படிப் பார்க்காதீர்கள், வக்கீலம்மா. அந்தச் சமவெளியை என்னைவிட அதிகமாக நேசித்தவன் அவன் ஒருவன்தான். குதரத் உயிரோடு இருந்திருந்தால் அவனும் இதையேதான் சொல்லியிருப்பான்.